பழைய வீட்டை வாங்கும் முன்: கட்டுமானத்தையும் மறைந்திருக்கும் ஆபத்துகளையும் கண்டறிய ஒரு முழுமையான வழிகாட்டி

பழைய வீடு ஒன்று சரிந்தால், வயதாகிவிட்டது என்று சொல்லிக் கணக்கை முடித்துவிடுகிறார்கள். நூறு ஆண்டுகள் நின்ற சுவர் நூற்றோராவது ஆண்டில் தானாக அலுத்துப்போய் உட்கார்ந்துவிடுவதில்லை. இடையில் யாரோ கூடத்தை அகலமாக்க ஒரு சுவரை எடுத்திருப்பார்கள். யாரோ மாடிக்கு மேல் மாடி ஏற்றியிருப்பார்கள். யாரோ சுண்ணாம்புச் சுவருக்குச் சிமெண்டுப் பூச்சு பூசி, உள்ளே இருந்த ஈரத்தை வெளியே வரவிடாமல் அடைத்திருப்பார்கள். முதலில் கட்டியவர் பெரும்பாலும் கவனமாகவே கட்டியிருப்பார். பின்னால் வந்த கைகளைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

ஆகவே பழைய வீட்டைப் பார்க்கப் போகிறவர் மூன்று கேள்விகளை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். பாரம் எந்த வழியாகத் தரைக்கு இறங்குகிறது? நீர் எந்த வழியாக வெளியேறுகிறது? இந்த இரண்டு வழிகளிலும் பிற்காலத்தில் யார் கைவைத்தார்கள்? கீழே உள்ள படிகள் எல்லாம் இந்தக் கேள்விகளுக்கு விடை தேடும் முறைகளே.

கையில் இருக்க வேண்டியவை: நல்ல டார்ச் விளக்கு, தூக்குக் குண்டு, நீர் நிரப்பிய மட்டக் குழாய், அளவு நாடா, கூர்மையான ஸ்க்ரூடிரைவர், சிறிய சுத்தியல், ஒரு காந்தம், பென்சில், புகைப்படம் எடுக்கக் கைப்பேசி. ஈரமானி இருந்தால் நல்லது. ஆனால் அதை முழுதாக நம்ப வேண்டாம்: சுவரில் உப்பு ஏறியிருந்தாலோ பூச்சுக்குள் உலோகம் இருந்தாலோ, காய்ந்த சுவரையும் அது ஈரம் என்று காட்டும்.

முதல் படி: வீட்டின் வயதுகளைக் கேளுங்கள்

'வயது' என்று ஒருமையில் கேட்டால் பாதி விடைதான் கிடைக்கும். முன்பகுதி ஒரு காலத்தில் கட்டியது, பின்கட்டு வேறொரு காலத்தில் சேர்த்தது, கழிப்பறை அதற்கும் பிறகு ஒட்டவைத்தது என்று பழைய வீடுகளுக்குப் பல பிறந்தநாள்கள் உண்டு. வரைபடம், வரி ரசீது, பழைய புகைப்படம், அண்டை வீட்டு முதியவர்களின் நினைவு என எது கிடைத்தாலும் சேகரியுங்கள். எல்லாவற்றையும் ஒரு தாளில் வரைந்து, எந்தப் பகுதி எப்போது வந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

வயது தெரிந்தால் பொருள் தெரியும். போர்ட்லண்ட் சிமெண்டுக்கு ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை பெற்றது 1824இல். ஃபிரான்சுவா எனெபிக் தன் கம்பிக் கான்கிரீட் முறைக்குக் காப்புரிமை பெற்றது 1892இல். சாதாரண வீடுகளில் இவை பரவலாகப் புழங்க இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின. அதற்கு முந்தைய சுவர்கள் பெரும்பாலும் சுண்ணாம்புச் சாந்திலோ களிமண் சாந்திலோ கட்டப்பட்டவை. அவை கொஞ்சம் அசைந்துகொடுக்கும், ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடும். சிமெண்டுச் சுவர் இறுக்கமானது, அசைந்தால் வெடிக்கும். இந்த இரண்டும் ஒரே வீட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும் இடமே நீங்கள் முதலில் தேட வேண்டிய இடம்.

சுவர் எதனால் ஆனது என்று அறிய, பூச்சு உதிர்ந்திருக்கும் ஒரு மூலையில் சாந்தை நகத்தாலோ ஸ்க்ரூடிரைவராலோ சுரண்டுங்கள். வெள்ளையாக, மென்மையாக உதிர்ந்தால் சுண்ணாம்பு. சாம்பல் நிறத்தில் கல்லாக இருந்தால் சிமெண்டு. பழுப்பாக, நீர் பட்டதும் குழைந்தால் மண். தரைத்தளத்துச் சாந்து விரல் அழுத்தத்திலேயே மணலாகக் கொட்டினால், அதற்கு மேல் எத்தனை மாடி இருக்கிறது என்று அண்ணாந்து பாருங்கள்.

இரண்டாம் படி: தள்ளி நின்று பாருங்கள்

வீட்டுக்குள் நுழைய அவசரப்பட வேண்டாம். எதிர்ப்புறம் நின்று கூரையின் முகட்டுக் கோட்டைப் பாருங்கள். அது நடுவில் தொய்ந்திருந்தால் கைமரங்கள் வளைந்திருக்கின்றன, அல்லது அவற்றைத் தாங்கும் உத்தரம் தளர்ந்திருக்கிறது. சுவரின் மூலையில் கண்ணை வைத்து நீளவாக்கில் பார்த்தால், வயிறு தள்ளியிருக்கும் இடம் தெரியும். தூக்குக் குண்டைத் தொங்கவிட்டால் சாய்வு எவ்வளவு என்றே அளந்துவிடலாம்.

சுவரின் வெளிப்புறத்தில் இரும்புத் தகடுகள் வட்டமாகவோ குறுக்குக் கோடாகவோ பதிந்திருக்கின்றனவா? ஒரு காலத்தில் சுவர் வெளியே தள்ளியபோது, உள்ளே கம்பி போட்டு இழுத்துப் பிடித்திருக்கிறார்கள் என்று பொருள். அதைக் கண்டு பயப்படத் தேவையில்லை. அக்கறையுள்ள ஒருவர் செய்த வேலை அது. அந்தக் கம்பி இன்னும் இறுக்கமாக இருக்கிறதா, துருவில் மெலிந்துவிட்டதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

சுற்றியுள்ள தரை மட்டம் முக்கியம். தெருவும் முற்றமும் ஆண்டுக்கு ஆண்டு உயர்ந்துகொண்டே போகும், வீடு உயராது. வெளித்தரை உள்தரையை விட உயர்ந்துவிட்ட வீட்டில் சுவரின் அடிப்பகுதி நிரந்தரமாக ஈரத்தில் நிற்கும்.

சுவரை ஒட்டிப் பெரிய மரம் இருந்தால் உடனே 'வெட்டிவிட வேண்டியதுதான்' என்று முடிவு கட்டிவிடாதீர்கள். களிமண் தரையில் மரம் நீரை உறிஞ்சி மண்ணைச் சுருங்க வைக்கிறது. வீடு பல ஆண்டுகளாக அந்த நிலைக்குப் பழகியிருக்கும். திடீரென்று மரத்தை எடுத்தால் மண் மீண்டும் நீர் குடித்து உப்பி, அஸ்திவாரத்தை மேலே தூக்கும். மரம் போன பிறகு விரிசல் விட்ட வீடுகளும் உண்டு. சுவரிலேயே முளைத்த அரசு, ஆல் போன்ற செடிகள் வேறு கதை. அவற்றின் வேர் சாந்துக்குள் போய்ப் பருத்துக் கல்லைப் பிரிக்கும். மேலே வெட்டினால் மீண்டும் தழைக்கும். வேர் எங்கே வரை போயிருக்கிறது என்று கண்டு எடுக்க வேண்டும்.

மூன்றாம் படி: நீரைப் பின்தொடருங்கள்

மழை பெய்யும்போது ஒருமுறையாவது வீட்டைப் பாருங்கள். விற்பவர் வெயில் நாளில்தான் கூப்பிடுவார். நீங்கள் மழை நாளில் போங்கள். மழை கிடைக்காவிட்டால் கூரையிலிருந்து தொடங்கிக் கீழ்வரை, ஒரு துளி நீர் எப்படிப் பயணிக்கும் என்று கற்பனை செய்துகொண்டே நடங்கள்.

தட்டையான மாடியில் நீர் தேங்கும் இடத்தில் கறுப்பு வளையமும் பாசியும் இருக்கும். வடிகால் வாய்கள் அடைபட்டிருக்கின்றனவா, கைப்பிடிச் சுவர் தளத்தோடு சேரும் மூலையில் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். பல வீடுகளில் கசிவு தொடங்குவது தளத்தின் நடுவில் இல்லை, இந்த மூலையில்தான். ஒழுகும் தளத்துக்கு ஒவ்வொரு முறையும் புதுப் பூச்சு போட்டுக்கொண்டே போவது இன்னொரு பழக்கம். ஒவ்வொரு அடுக்கும் எடை. தளத்தின் ஓரத்தில் அடுக்குகளின் மொத்தக் கனத்தை அளந்து பாருங்கள். ஒரு சதுர மீட்டரில் 5 சென்டிமீட்டர் சிமெண்டுக் கலவை சேர்த்தால் ஏறத்தாழ 100 கிலோ கூடுகிறது. கீழே இருக்கும் மர உத்தரத்திடம் யாரும் அனுமதி கேட்பதில்லை.

ஓட்டுக் கூரையில் உடைந்த ஓட்டை விட, ஓடுகளின் கீழ் இருக்கும் ரீப்பரும், சுவர்மேல் படுத்திருக்கும் கட்டையும் முக்கியம். பரணில் ஏறி, விளக்கை அணைத்துவிட்டு மேலே பாருங்கள். வெளிச்சம் வரும் ஓட்டைகள் எல்லாம் நீர் வரும் ஓட்டைகள்.

சுவரில் தெரியும் ஈரம் மூன்று வகை. இவற்றைக் குழப்பிக்கொண்டால் செலவு வீணாகும்.

தரையிலிருந்து ஏறும் ஓதம் பெரும்பாலும் ஒரு மீட்டர் உயரத்துக்குள் நின்றுவிடும். அதன் மேல்விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். பூச்சு பொரிந்து உதிரும். வெளியிலிருந்து ஊடுருவும் ஈரம் எந்த உயரத்திலும் திட்டாகத் தோன்றி, மழைக்குப் பின் பெரிதாகும், வெயிலில் சுருங்கும். காற்றோட்டமில்லாத அறையில் படியும் ஈரமோ மூலைகளிலும் அலமாரிகளின் முதுகுப்புறத்திலும் கறுப்புப் பூஞ்சையாகத் தெரியும். நான்காவதாக ஒன்றும் உண்டு: சுவருக்குள் ஓடும் குழாயின் கசிவு. மழைக்கும் வெயிலுக்கும் மாறாத ஈரத் திட்டு என்றால் குழாயைச் சந்தேகியுங்கள்.

சுண்ணாம்புச் சுவரில் சிமெண்டுப் பூச்சும், அதன் மேல் பளபளக்கும் பிளாஸ்டிக் வண்ணமும் இருந்தால், ஓதம் வெளியேற வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும். 'ஈரத்தைத் தடுக்க' என்று செய்த வேலையே ஈரத்தை வளர்த்திருக்கும். சுத்தியலால் மெதுவாகத் தட்டுங்கள். பொள்ளென்று கேட்டால் பூச்சு சுவரை விட்டுப் பிரிந்துவிட்டது.

நான்காம் படி: பாரத்தின் வழியைத் தேடுங்கள்

ஒவ்வொரு மாடியின் வரைபடத்தையும் கையால் வரைந்து, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். மேல்மாடியில் இருக்கும் ஒவ்வொரு சுவருக்கும் கீழே என்ன இருக்கிறது? சுவருக்குக் கீழே சுவர் என்றால் சரி. சுவருக்குக் கீழே வெற்று அறை என்றால், அங்கே ஏதோ ஓர் உத்தரம் அந்தப் பாரத்தைச் சுமக்கிறது. அது எது, எதன்மேல் உட்கார்ந்திருக்கிறது, யார் கணக்கிட்டார்கள் என்று கேளுங்கள். 'தெரியவில்லை' என்பது இங்கே ஒரு விடை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பாரம் தாங்கும் சுவரை அடையாளம் காண ஒரு வழி: தளத்தின் உத்தரங்களோ கட்டைகளோ எந்தத் திசையில் ஓடுகின்றன என்று பாருங்கள். அவற்றின் முனைகள் உட்கார்ந்திருக்கும் சுவர்கள்தான் சுமக்கின்றன. மெல்லிய சுவர் என்பதாலேயே அது வெறும் தடுப்பு என்று நினைத்துவிட முடியாது. பல ஆண்டுகளில் தளம் தொய்ந்து, தடுப்புச் சுவரின் தலையில் உட்கார்ந்து, அதையும் சுமைதாங்கியாக்கிவிடும்.

அகன்ற புதுக் கூடம், இரண்டு அறையை ஒன்றாக்கிய சமையலறை, சுவரை உடைத்துப் போட்ட கடைவாசல் ஆகியவற்றைக் கண்டால் நில்லுங்கள். கூரையில் ஒரு சுவர் இருந்ததன் தழும்பும், தரையில் ஒட்டுப்போட்ட பட்டையும் தெரிகிறதா என்று பாருங்கள். புகைபோக்கி உள்ள வீடுகளில் கீழ்மாடி அடுப்பு மாடத்தை இடித்து இடம் பிடித்துக்கொண்டு, மேலே தண்டை மட்டும் தொங்கவிட்டிருப்பார்கள். பரணில் அந்தச் செங்கல் தண்டு எதன்மேல் நிற்கிறது என்று பார்த்தால் சில நேரங்களில் வயிறு கலங்கும்.

நிலநடுக்கம் வரக்கூடிய இடங்களில் இன்னும் இரண்டு கேள்விகள். சுவர்களும் தளமும் கூரையும் ஒன்றோடொன்று கட்டப்பட்டிருக்கின்றனவா, அல்லது வெறுமனே அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றனவா? கம்பியில்லாத செங்கல், கல் வீடுகளில் முதலில் விழுபவை கைப்பிடிச் சுவரும், கூரையின் முக்கோண நெற்றிச் சுவரும், புகைபோக்கியும். அடுத்து, தரைத்தளம் வாகனம் நிறுத்த வெறும் தூண்களோடும், மேல்தளங்கள் சுவர்களோடும் இருக்கின்றனவா? அப்படியானால் குலுங்கும்போது முழு அசைவும் அந்த ஒரு தளத்தில்தான் குவியும்.

ஐந்தாம் படி: விரிசல்களைப் படியுங்கள்

விரிசல் இல்லாத பழைய வீடு கிடையாது. அப்படி ஒன்றைக் கண்டால் அது அண்மையில் பூசப்பட்ட வீடு. நாம் பார்க்க வேண்டியது எந்த விரிசல், எந்தத் திசை, இன்னும் நகர்கிறதா என்பதே.

அகலத்துக்கு ஓர் அளவுகோல் உண்டு. பிரிட்டனின் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வகுத்த முறையில் 1 மில்லிமீட்டர் வரை மிகச் சிறியது; 5 மில்லிமீட்டர் வரை பெரும்பாலும் பூசிச் சரிசெய்யக்கூடியது; 5 முதல் 15 வரை கதவு சன்னல்கள் இறுகும், சுவரின் சில பகுதிகளை மாற்றிக் கட்ட நேரலாம்; 15 முதல் 25 வரை விரிவான பழுது; 25க்கு மேல் சுவரின் நிலைப்புத்தன்மையே கேள்விக்குரியது. இந்த அளவுகோல் செங்கல், கல் சுவர்களுக்கானது. கான்கிரீட் தூணில் ஒரு மில்லிமீட்டர் கூட வேறு பொருள் தரும். அதற்குப் பிறகு வருகிறேன்.

திசை பேசும். செங்கல் சுவரில் படிக்கட்டு போல ஏறிப்போகும் விரிசல், ஒரு பக்க அஸ்திவாரம் மற்றதை விட அதிகம் இறங்கியதைக் காட்டுகிறது. அது மேலே அகன்று கீழே ஒடுங்கினால், வீட்டின் ஓரம் இறங்குகிறது. கீழே அகன்று மேலே ஒடுங்கினால், நடுப்பகுதி இறங்குகிறது. சன்னல் மூலைகளிலிருந்து சாய்வாகக் கிளம்புபவையும் இந்த இனமே. பழைய கட்டும் புதிய கட்டும் சேரும் இடத்தில் நேர்க்குத்தாக ஓடும் விரிசல் பெரும்பாலும் இரண்டும் தனித்தனி அஸ்திவாரத்தில் இறங்கியதன் விளைவு. அதை எத்தனை முறை பூசினாலும் திரும்ப வரும். படுக்கைவாட்டில் நீளமாக ஓடும் விரிசலை எளிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம், குறிப்பாகச் சுவர் அந்த இடத்தில் வெளியே தள்ளியிருந்தால். கூரை சுவரை உதைத்துக்கொண்டிருக்கலாம்.

வயதை அறிய, விரிசலின் உள்ளே டார்ச் அடியுங்கள். ஓரங்கள் மழுங்கி, தூசியும் சிலந்தி வலையும் பழைய வண்ணமும் உள்ளே போயிருந்தால் பழையது. ஓரங்கள் கூர்மையாக, உள்ளே சாந்து புதிதாகத் தெரிந்தால் அண்மையில் திறந்தது. இரண்டு பக்கமும் விரலை வைத்துத் தடவுங்கள். ஒரு பக்கம் மேடாக இருந்தால் சுவர் பிரிந்ததோடு முன்னும் பின்னும் நகர்ந்திருக்கிறது.

இன்னும் நகர்கிறதா என்பதை ஒரே நாளில் சொல்லவே முடியாது. விரிசலின் இருபுறமும் சிறு ஆணியோ திருகோ பதித்து, இடைவெளியை அளந்து, தேதியோடு சுவரிலேயே எழுதி வையுங்கள். வறண்ட பருவத்திலும் மழைப் பருவத்திலும் அளந்தால்தான் உண்மை தெரியும். களிமண் தரையில் உள்ள வீடுகள் ஆண்டுதோறும் சற்றுத் திறந்து மூடும். மூடாமல் கூடிக்கொண்டே போவதுதான் ஆபத்து.

தரையின் சாய்வை மட்டக் குழாயால் எல்லா மூலைகளிலும் அளந்து வரைபடத்தில் எழுதுங்கள். பிறகு கதவுகளைப் பாருங்கள். சாய்ந்த நிலைக்கு ஏற்பக் கதவின் மேல்முனையைக் கோணலாக இழைத்திருந்தால், வீடு நகர்ந்த பின் தச்சர் வந்துபோயிருக்கிறார். வண்ணம் அந்த இழைப்பின்மேல் பழையதாக இருந்தால், நகர்வு நின்று வெகுகாலம் ஆகிறது. கதவுகள் பொய் சொல்வதில்லை; அவற்றை யாரும் மறைக்க நினைப்பதில்லை.

ஆறாம் படி: மரத்தைக் குத்திப் பாருங்கள்

கண்ணுக்குத் தெரியும் நடுப்பகுதி நன்றாக இருக்கும். சுவருக்குள் நுழையும் முனைதான் உளுத்துப்போகும், ஏனென்றால் ஈரம் இருப்பது அங்கே. ஒவ்வொரு உத்தரத்தின் முனையையும் ஸ்க்ரூடிரைவரால் குத்துங்கள். நல்ல மரம் எதிர்த்து நிற்கும். கெட்ட மரம் கேக் போல இடம் கொடுக்கும். மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் நீடித்தால் பூஞ்சை அழுகலுக்கு வழி திறந்துவிடும். கழிப்பறைக்குக் கீழும் வடிகாலுக்கு அருகிலும் இருக்கும் கட்டைகளை இரண்டு முறை பாருங்கள்.

பூச்சிகளை அவை விட்டுச்சென்ற பொடியால் அறியலாம். சுவரிலோ மரத்திலோ பென்சில் கனத்தில் மண் குழாய் ஏறினால் தரைக் கரையான். ரவை போன்ற, ஆறு பட்டைகள் கொண்ட சிறு மணிகள் குவிந்தால் உலர்மரக் கரையான். மாவு போன்ற தூள் கொட்டினால், சிறு வட்டத் துளைகள் இருந்தால், வண்டு. துளையின் வாய் வெளுத்து, தூள் புதிதாக இருந்தால் வேலை இன்னும் நடக்கிறது. மண் குழாயில் ஒரு துண்டை உடைத்துவிட்டுச் சில நாள் கழித்துப் பாருங்கள். அடைத்திருந்தால் குடியிருப்பவர்கள் உள்ளே இருக்கிறார்கள்.

ஏழாம் படி: கான்கிரீட்டை நம்பாதீர்கள், தட்டிப் பாருங்கள்

செங்கல் வீட்டுக்குப் பயப்படுபவர்கள் கான்கிரீட் வீட்டைக் கண்டால் நிம்மதி அடைகிறார்கள். என் பார்வையில் அது தலைகீழாக இருக்க வேண்டும். செங்கல் சுவர் தன் நோயை வெளியே காட்டிக்கொண்டே இருக்கும். கான்கிரீட் வெகுகாலம் காட்டாது.

நல்ல கான்கிரீட் கடும் காரத்தன்மை உடையது. அந்தக் காரமே கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு ஆண்டுக்காண்டு உள்ளே புகுந்து அந்தக் காரத்தைக் குறைக்கிறது. அது கம்பியைத் தொட்ட பிறகு, ஈரமும் இருந்தால், துரு தொடங்கும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். உள்ளிருந்து அழுத்திக் கான்கிரீட்டைப் பிளக்கும். கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட் போர்வை மெல்லியதாக இருந்தால் இது முன்னதாகவே நடக்கும். கடல் காற்று, உப்புநீரில் குழைத்த கலவை, சீக்கிரம் இறுக வேண்டும் என்று சேர்த்த கால்சியம் குளோரைடு ஆகியவை இருந்தால், காரம் குறையும் வரை துரு காத்திருப்பதில்லை.

ஆகவே இந்த அடையாளங்களைத் தேடுங்கள்: தளத்தின் அடியில் கம்பி ஓடும் நேர்கோட்டிலேயே விரிசல், துருக்கறை, பூச்சு உப்பிய இடம், தட்டினால் பொள்ளென்ற ஓசை, சன்ஷேடின் அடியில் தொங்கும் துண்டுகள். குளியலறைக்குக் கீழே உள்ள தளமும், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பால்கனியும் முதல் சந்தேகத்துக்குரியவை. பால்கனியில் சுமக்கும் கம்பி மேல்பக்கத்தில் இருக்கிறது. நீர் தேங்குவதும் அங்கேதான். அடியில் நின்று பார்த்து நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்ட முடியாது.

தூணில் நெடுக்காக ஓடும் விரிசலும், உத்தரம் தூணைச் சேரும் இடத்தில் சாய்வாகத் தோன்றும் விரிசலும் இருந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். பொறியாளர் வந்து பார்க்கும் வரை அதன் கீழ் யாரும் உறங்கக்கூடாது.

கரியமில வாயு எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பதை எளிய சோதனையால் அறியலாம். புதிதாக உடைத்த பரப்பில் ஃபினால்ப்தலீன் கரைசலைத் தெளித்தால், காரம் மிச்சமுள்ள பகுதி ஊதா கலந்த இளஞ்சிவப்பாகும். இழந்த பகுதி நிறம் மாறாது. நிறம் மாறாத பகுதி கம்பிவரை எட்டியிருந்தால், வெளியே ஒரு கீறலும் இல்லாத தளமும் ஆபத்தின் வாசலில் நிற்கிறது. இதைப் பொறியாளரே செய்யட்டும். ஆனால் செய்யச் சொல்லிக் கேட்க வேண்டியவர் நீங்கள்.

சில வகைக் கான்கிரீட்டின் பெயரே எச்சரிக்கை. அதிக அலுமினாச் சிமெண்டில் வார்த்த உத்தரங்கள் வெப்பத்திலும் ஈரத்திலும் வலுவிழக்கும். 1974இல் லண்டனில் ஸ்டெப்னி பகுதிப் பள்ளி ஒன்றின் நீச்சல்குளக் கூரை அப்படி விழுந்தது. 1950கள் முதல் 1990கள் வரை பிரிட்டனில் பரவலாகப் பயன்பட்ட, RAAC எனப்படும் நுரைபோன்ற இலகு கான்கிரீட் பலகைகளால் 2023இல் நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளிகளில் கட்டடங்களை மூட உத்தரவிட்டார்கள். பழைய வீட்டில் தட்டைக் கூரைப் பலகை வழக்கத்துக்கு மாறாக மென்மையாக, குத்தினால் துளை விழுவதாக இருந்தால் பெயர் சொல்லியே விசாரியுங்கள்.

எட்டாம் படி: மின்சாரமும் எரிவாயுவும்

பலகையில் புதுச் சுவிட்சுகள் மின்னும். சுவருக்குள் ஐம்பது ஆண்டுப் பழைய கம்பி இருக்கும். பிரதான இணைப்பைத் துண்டித்த பின், மின்பணியாளரைக் கொண்டு ஓரிரு சுவிட்சுப் பலகைகளைக் கழற்றிப் பாருங்கள். துணி சுற்றிய கம்பி, ரப்பர் உறை காய்ந்து உதிரும் கம்பி, எர்த் இணைப்பே இல்லாத இரண்டு கம்பி ஓட்டம் ஆகியவை இருந்தால் முழுமையாக மாற்றும் செலவைக் கணக்கில் சேருங்கள். அலுமினியக் கம்பி இருந்தால் இணைப்பு முனைகள் தளர்ந்து சூடேறும். அமெரிக்க வீடுகளில் 1960களின் நடுவிலிருந்து 1970களின் முற்பகுதிவரை அது அதிகம் போடப்பட்டது.

500 வோல்ட்டில் காப்பு எதிர்ப்புச் சோதனை செய்யச் சொல்லுங்கள். 230 வோல்ட் வீட்டில் ஒரு மெகாஓமுக்குக் குறைந்தால் தேறவில்லை. 30 மில்லிஆம்பியரில் துண்டிக்கும் பாதுகாப்புக் கருவி இருக்கிறதா என்றும், அதன் சோதனைப் பொத்தானை அழுத்தினால் உண்மையிலேயே துண்டிக்கிறதா என்றும் பாருங்கள்.

எரிவாயு, விறகு, எண்ணெய் எரியும் எந்தக் கருவியும் இருந்தால் அதன் புகை வெளியேறும் வழியைச் சோதியுங்கள். அடைபட்ட புகைவழி கார்பன் மோனாக்சைடை வீட்டுக்குள் திருப்பிவிடும். அதற்கு நிறமும் மணமும் இல்லை. ஒரு கண்டறி கருவி வைப்பது மலிவான காரியம்.

ஒன்பதாம் படி: குழாய்கள்

இரண்டு குழாய்களை ஒரே நேரத்தில் திறங்கள். ஓட்டம் சட்டென்று மெலிந்தால் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய்களின் உள்வாய் துருவில் ஒடுங்கியிருக்கிறது. இரவெல்லாம் மூடிக் கிடந்த குழாயிலிருந்து காலையில் வரும் முதல் நீரை வெள்ளைக் குவளையில் பிடித்து நிறம் பாருங்கள். ஈயக் குழாயைச் சுரண்டினால் வெள்ளி போல மின்னும், மென்மையாக இருக்கும், காந்தம் ஒட்டாது. அது இருந்தால் குடிநீரைப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம்.

கழிவுநீர்க் குழாயைப் பலர் பார்ப்பதே இல்லை. அது அஸ்திவாரத்தின் அருகே உடைந்து கசிந்தால் மண்ணைக் கரைத்துக்கொண்டு போகும். மேலே சுவர் விரியும். ஒரு கேமராவை உள்ளே அனுப்பிப் பார்ப்பதற்கு ஆகும் செலவு, பின்னால் ஆகும் செலவில் ஒரு துளி. பழைய கிணறு, கைவிட்ட கழிவுத் தொட்டி எங்காவது மூடிப் புதைக்கப்பட்டிருக்கிறதா என்று அண்டை வீட்டாரிடம் கேளுங்கள். புதுச் சேர்க்கையை அதன்மேலேயே கட்டியவர்களும் இருக்கிறார்கள்.

பத்தாம் படி: கண்ணுக்குத் தெரியாத நஞ்சுகள்

கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) கலந்த கூரைத் தகடு, குழாய் உறை, பழைய தரை ஓடு, அதை ஒட்டிய பசை ஆகியவை அசையாமல் இருக்கும்வரை பெரும் தொல்லை தருவதில்லை. அறுக்கும்போதும் துளைக்கும்போதும்தான் இழைகள் காற்றில் பறக்கும். பிரிட்டன் 1999இலும் ஆஸ்திரேலியா 2003இன் இறுதியிலும்தான் முழுத் தடை விதித்தன. அதற்கு முன் கட்டிய வீட்டில் இருக்கலாம் என்று கொண்டே நடந்துகொள்ளுங்கள். ஆய்வுக்கூடம் சொல்லும்வரை யாரும் உடைக்க வேண்டாம்.

பழைய வண்ணத்தில் ஈயம் இருக்கும். அமெரிக்கா வீட்டு வண்ணத்தில் ஈயத்துக்குத் தடை விதித்தது 1978இல். பல நாடுகள் இன்னும் தாமதம். உலர்வாகத் தேய்த்து எடுப்பதே மிக மோசமான முறை, அந்தத் தூசியைக் குழந்தைகள் விழுங்குவார்கள். சன்னல் சட்டங்கள் உரசும் இடத்தை முதலில் சோதியுங்கள்.

தரையிலிருந்து கசியும் ரேடான் என்ற கதிரியக்க வாயு பாறை வகையைப் பொறுத்தது. உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் உச்ச அளவு கனமீட்டருக்கு 100 பெக்கரல் (கதிரியக்க அலகு). அது இயலாத இடத்திலும் 300ஐத் தாண்டக்கூடாது. நிலவறை உள்ள வீட்டில் அளவி ஒன்றை அங்கே சில மாதங்கள் வைத்து அளப்பது நல்லது.

பதினோராம் படி: புதிய வேலையைச் சந்தேகியுங்கள்

ஒரே ஒரு சுவரில் மட்டும் புது வண்ணம். கூரையின் ஒரு மூலையில் மட்டும் பொய்க் கூரை. சுவரின் அடி மூன்றடிக்கு மட்டும் மரப் பலகையோ பளிங்கோ ஒட்டியிருக்கிறது. எதற்கு அங்கே மட்டும்? விற்பவரிடம் கோபமில்லாமல், நேராகக் கேளுங்கள். பதிலை எழுதி வாங்குங்கள். மறைப்பவர் எழுதத் தயங்குவார். மறைக்காதவர் அந்த இடத்தைத் திறந்து காட்டவே முன்வருவார். பொய்க் கூரையில் விளக்குப் பொருத்திய துளை வழியே கைப்பேசியின் கேமராவை நுழைத்து எடுத்த படம் சில நேரம் நீளமான உரையாடலை மிச்சப்படுத்தும்.

யாரை அழைப்பது, எப்போது விலகுவது

இதுவரை செய்ததெல்லாம் பொறியாளரிடம் சரியான கேள்விகளோடு போவதற்கான தயாரிப்பு. 'வீட்டைப் பாருங்கள்' என்று அழைத்தால் பொதுவான அறிக்கை வரும். 'இந்தக் கூடத்தின் மேல் இருக்கும் சுவரை எது சுமக்கிறது, இந்தத் தளத்தின் கம்பி எந்த நிலையில் இருக்கிறது' என்று கேட்டால் அவர் அளந்துதான் பதில் சொல்ல முடியும். அமைப்புப் பொறியாளரை நீங்களே தேடிக் கூலி கொடுங்கள். விற்பவரோ தரகரோ அழைத்து வருபவர் வேண்டாம். பழைய சுண்ணாம்புக் கட்டடங்களில் பழகியவரா என்று கேளுங்கள். சிமெண்டு மட்டுமே அறிந்தவர் எல்லாவற்றுக்கும் சிமெண்டையே மருந்தாக எழுதுவார்.

கண்டுபிடித்தவற்றை மூன்று குவியலாகப் பிரியுங்கள். குடியேறும் முன் சரிசெய்தே ஆகவேண்டியவை, ஓரிரு ஆண்டில் செய்யவேண்டியவை, கண்காணித்தால் போதுமானவை. ஓட்டை ஓடு, பழைய மின்கம்பி, அடைத்த வடிகால், ஏன் உளுத்த உத்தரம் ஒன்றிரண்டு கூட, பணத்தால் தீரும், விலையில் குறைத்துக்கொள்ளலாம். இன்னும் நகரும் அஸ்திவாரம், பரவலாகத் துருப்பிடித்த கான்கிரீட் சட்டகம், பக்கத்து வீட்டின் சம்மதமில்லாமல் தொட முடியாத பொதுச் சுவர், சரிந்துகொண்டிருக்கும் மண் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் எவ்வளவு அழகான வீடானாலும் நான் விலகிவிடுவேன். ஒரு முக்கியமான இடத்தைத் திறந்து பார்க்க விற்பவர் விடவில்லை என்றால், அந்த இடத்தில் மிக மோசமானது இருக்கிறது என்று கொண்டு விலையைப் பேசுங்கள்.

வாங்கிவிட்டால், முதல் ஆண்டில் அழகுக்காக எதையும் பூசவோ உடைக்கவோ வேண்டாம். வடிகால்களைச் சுத்தம் செய்து, கசிவை நிறுத்தி, மின்கம்பியை மாற்றிவிட்டு, விரிசல் அளவுகளை ஒரு முழு மழைப் பருவமும் ஒரு முழு வெயில் பருவமும் கடக்கும்வரை எழுதிக்கொண்டே இருங்கள். உள்வேலைக்கான திட்டத்தை அந்தக் குறிப்பேட்டைப் பார்த்தபின் போடலாம்.